குழந்தை அழுதால் அம்மாவின் தட்டைப் பிடுங்காதீர்கள்

போன வாரம் ஒரு இளம் தாய் என்னிடம் வந்திருந்தார். கையில் ஆறு வாரக் குழந்தை. தினமும் சாயங்காலம் தொடங்கினால் இரவு ஒன்பது, பத்து மணி வரை வீறிட்டு அழுகிறதாம். "நீங்க என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். சோறு, அவித்த காய், ரொட்டி. மூன்றாவது விரலோடு கை நின்றுவிட்டது. பால் இல்லை, முட்டை இல்லை, பருப்பு இல்லை, பழம்கூட இல்லை. "எது சேரலைன்னு தெரியலக்கா, அதான் எல்லாத்தையும் நிறுத்திட்டேன்" என்றார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் என் மூத்த மகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் இதையேதான் சொன்னேன். தாய்ப்பால் ஆலோசகராக வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு இதே பேச்சை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் மனசு கனக்கிறது. மது, புகை பற்றி இங்கே பேசப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். குழந்தை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள், அந்த அக்கறையாலேயே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அழுகை என்றதும் சாப்பாட்டைச் சந்தேகிப்பது

கைக்குழந்தையின் அழுகைக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டாவது வாரத்தில் ஏறத் தொடங்கும், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். உச்சத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அழுவது சாதாரணம். அதிலும் பெரும்பகுதி சாயங்காலத்தில்தான் வரும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையும் இப்படித்தான் அழும், புட்டிப்பால் குடிக்கும் குழந்தையும் இப்படித்தான் அழும். நன்றாகக் குடித்து, எடை கூடி, ஆரோக்கியமாக இருக்கும் குழந்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதைக் 'கோலிக்' என்று சொல்லும் வழக்கம் 1954-இல் வந்தது. அதற்கு இதுதான் காரணம் என்று இன்று வரை ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியவில்லை.

இந்தக் கணக்கு தெரியாததால்தான் ஏமாந்து போகிறோம். ஆறாவது வாரத்தில் நீங்கள் எதை நிறுத்தினாலும் பத்தாவது வாரத்தில் 'பலன்' தெரியும். முட்டையை நிறுத்தினால் முட்டைதான் காரணம் என்பீர்கள், கத்தரிக்காயை நிறுத்தினால் கத்தரிக்காய்தான் காரணம் என்பீர்கள். எதையுமே நிறுத்தாமல் இருந்திருந்தாலும் அழுகை அப்போது குறைந்துதான் இருக்கும்.

முட்டைக்கோஸ் வாயு

பாலில் வராது. வாயு உண்டாவது அம்மாவின் பெருங்குடலில், செரிக்காத நார்ச்சத்தில். பால் சுரப்பது ரத்தத்திலிருந்து. உங்கள் வயிறு உப்பினால் அது உங்கள் வயிற்றோடு சரி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் செய்த தவறுகளிலேயே எனக்கு அதிகம் விலை வைத்தது இதுதான்.

மகளுக்கு அப்போது ஐந்து வாரம். ஒருவர் பாலை நிறுத்து என்றார், இன்னொருவர் முட்டை என்றார், மூன்றாமவர் கோதுமை, நான்காமவர் வேர்க்கடலை. எதற்கு வம்பு என்று ஒரு திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டேன். ஏழு வாரம் அப்படியே ஓடியது. ஆறு கிலோ இறங்கினேன். ஒரு நாள் ராத்திரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது கண் இருட்டியது. சுவரில் முதுகைச் சாய்த்தபடியே வழுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தேன். நல்லவேளை, கைப்பிடி நழுவவில்லை. அந்தச் சுவரின் சில்லிப்பு இன்னும் முதுகில் இருக்கிறது.

இதற்கு நடுவே அழுகை கொஞ்சம் குறைந்தது. எதனால்? பாலை விட்டதாலா, முட்டையை விட்டதாலா, வயது ஏறியதாலா? சொல்ல வழியே இல்லை. ஒரே நேரத்தில் நான்கு கதவைப் பூட்டிவிட்டு, காற்று எந்தக் கதவு வழியாக வந்துகொண்டிருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? மருத்துவரிடம் கேட்டேன். "அழுகை குறைஞ்சிருக்குல்ல? அப்படியே தொடருங்க" என்றார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். நிறுத்து என்று சொல்ல நான்கு பேர் இருந்தார்கள். திரும்பச் சாப்பிட்டுப் பார் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

பன்னிரண்டாவது வாரத்தில், தடுப்பூசி போட வந்த இடத்தில் ஒரு வயதான நர்ஸ், நான் பால் கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். முதல் நிமிடத்திலேயே குழந்தைக்குப் புரையேறியது. இருமிக்கொண்டு வாயை எடுத்தாள், பால் அவள் முகத்தில் பீச்சியடித்தது. "மலம் பச்சையா, நுரையா போகுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பக்கம் மாத்துறியா?" அதற்கும் ஆமாம். பால் அதிகம், வேகமும் அதிகம். முதலில் வரும் நீர்ப்பாலையே இரண்டு பக்கமும் குடித்து வயிறு உப்பி, கொழுப்பு கூடிய பின்பால் போதிய அளவு கிடைக்காமல் தவித்திருக்கிறாள். சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வேளைக்கு ஒரு பக்கம் மட்டும் கொடுக்கச் சொன்னார். நான்கு நாளில் வேறு குழந்தையாகிவிட்டாள்.

ஏழு வாரமாக எல்லோரும் என் தட்டைத்தான் பார்த்தார்கள். குழந்தை எப்படிக் குடிக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதனால்தான் இப்போது யார் வந்தாலும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஒரு வேளை பால் கொடுப்பதை முழுசாகப் பார்த்துவிடுகிறேன்.

அம்மா பத்தியம் இருந்தால் குழந்தைக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். தாய்ப்பாலை மட்டும் கொடுக்கும் அம்மாவுக்கு வழக்கத்தைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தேவை. சாப்பாடு குறைந்தால் பாலின் மாவுச்சத்தும் புரதமும் பெரிதாகக் குறைவதில்லை. பாலுக்கு வேண்டியதை உடம்பு தன் சேமிப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும், கால்சியத்தை எலும்பிலிருந்தும் எடுக்கும். ஆக முதல் நஷ்டம் அம்மாவுக்கு. ஆனால் வைட்டமின் பி12, அயோடின் போன்றவை அம்மா சாப்பிடுவதைப் பொறுத்துத்தான் பாலில் இருக்கும். பால், முட்டை, மீன், இறைச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டு பி12 மாத்திரையும் எடுக்காமல் மாதக்கணக்கில் இருந்தால் குழந்தைக்கு அந்தக் குறைபாடு வரலாம். அதன் அறிகுறிகளில் சிணுங்கலும் ஒன்று. வளர்ச்சியும் பின்தங்கும். சிணுங்கலை நிறுத்த இருக்கும் பத்தியமே சிணுங்கலைக் கொண்டுவந்து விடுகிறது.

சரி, சாப்பாடு ஒருபோதும் காரணமாகாதா? ஆகும். அதில் முதல் இடம் பசும்பால் புரதத்துக்கு. அம்மா குடிக்கும் பாலின் புரதம் மிகச் சிறிய அளவில் தாய்ப்பாலில் வரும். அதற்கு ஒவ்வாமை காட்டும் குழந்தைகள் உண்டு. தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்களில் இருநூறில் ஒருவர் என்கிற அளவில்தான் அது இருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தை அழுவதோடு நிற்காது. மலத்தில் சளியோ ரத்தக் கீற்றோ இருக்கும், தோலில் விடாத கரப்பான் இருக்கும், அடிக்கடி வாந்தி எடுக்கும், எடை ஏறாது. இவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டு இப்படிச் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் நிறுத்துங்கள், முதலில் பால் வகைகளை. இரண்டு வாரம், அதிகம் போனால் நான்கு வாரம். பால்தான் காரணம் என்றால் பல குழந்தைகளிடம் மூன்று நான்கு நாளிலேயே மாற்றம் தெரியும். ஒரு நோட்டில் தேதி, அழுத நேரம், மலம், தோல் என்று நான்கு கட்டம் போட்டுத் தினமும் எழுதுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள், தூக்கமில்லாத மனசு நேற்றையும் முந்தாநாளையும் கலந்துவிடும். அப்புறம் எல்லோரும் விட்டுவிடுகிற வேலை: திரும்பவும் பாலைச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் பழைய தொந்தரவு திரும்பினால் பால்தான் காரணம். எவ்வளவு மாதம் விலக்கி வைப்பது, கால்சியத்துக்கும் வைட்டமின் டி-க்கும் என்ன செய்வது என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். தொந்தரவு திரும்பவில்லையா? பால் தன் இடத்துக்கு வந்துவிட்டது, நிம்மதியாகக் குடியுங்கள். முன்பு கடும் எதிர்வினை வந்த குழந்தைக்கு மட்டும் இந்தச் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம்.

போன வாரம் வந்தவர் பால் கொடுப்பதையும் பார்த்தேன். குழந்தை அழகாகப் பற்றிக் குடித்தது. பிறந்த எடையைவிட ஒரு கிலோ போலக் கூடியிருந்தது. நாளுக்கு ஆறு ஏழு தடவை சிறுநீர், மலம் மஞ்சள், தோல் சுத்தம். அது ஆறாவது வாரத்து அழுகை, அவ்வளவுதான். மூன்று நாளுக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் திரும்பச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பருப்பிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

பாலை அரைகுறையாக நிறுத்துவது

"பாலை நிறுத்திட்டேன்க்கா, லாக்டோஸ் இல்லாத பால்தான் குடிக்கிறேன்" என்பார்கள். ஒவ்வாமை புரதத்தோடு, லாக்டோஸ் ஒரு சர்க்கரை. லாக்டோஸை எடுத்த பாலில் புரதம் அப்படியே இருக்கிறது. தாய்ப்பாலில் உள்ள லாக்டோஸோ மார்பிலேயே உண்டாவது. நீங்கள் வாழ்நாளில் பாலைத் தொடாதவராக இருந்தாலும் அது அதே அளவில் இருக்கும். ஆட்டுப்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் மாறுவதிலும் பயன் இல்லை, புரதங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். நிறுத்துவதென்றால் தயிர், வெண்ணெய், பாலாடைக்கட்டி, பால் பவுடர் கலந்த பிஸ்கட் என்று உறையில் அச்சடித்திருப்பதைப் படித்து முழுசாக நிறுத்துங்கள். பாதி நிறுத்தினால் சோதனையும் பாழ், சாப்பாடும் பாழ்.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். நீங்கள் விழுங்கும் இரும்பு, பாலில் உள்ள இரும்பின் அளவை மாற்றுவதில்லை.

பூண்டு, மசாலா வாசனைக்குப் பயப்படுவது

அம்மா சாப்பிடும் பூண்டின் வாசம் பாலில் வருவது உண்மை. 1991-இல் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் வாசம் உச்சத்துக்குப் போனது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, மார்பில் இன்னும் அதிக நேரம் இருந்து குடித்தார்கள். பின்னாளில் வீட்டுச் சாப்பாட்டுக்கு நாக்கு பழகுவது இங்கேதான் தொடங்குகிறது.

காபியைக் கணக்கில் எடுக்காதது

எல்லாரும் முட்டைக்கோஸைச் சந்தேகப்படுகிறோம், காபியை விட்டுவிடுகிறோம். பெரியவர் உடம்பில் காஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும். பிறந்த குழந்தைக்கு அதுவே மூன்று நான்கு நாள். நேற்றைய காபியும் இன்றைய காபியும் சேர்ந்துகொண்டே போகும். ஐந்தாறு மாதம் ஆனால்தான் அதை வேகமாக வெளியேற்றும் பலம் வரும். நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள், அதாவது அளவான இரண்டு கப் வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. அதற்கு மேல் போய், குழந்தையும் கண்ணை அகலத் திறந்துகொண்டு தூங்காமல் இருந்தால் குறைத்துப் பாருங்கள். தேநீர், கோலா, சாக்லேட் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பவுடர் பாலுக்கு மாறினால் அடங்கிவிடும் என்று நம்புவது

சாதாரண பவுடர் பாலே பசும்பால் புரதத்தால் ஆனது. உங்கள் வழியாகத் துளித் துளியாக வந்ததையே தாங்காத குழந்தைக்கு அதை முழுசாகப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பதா?

சாப்பாட்டைப் பற்றி யோசிக்கக் கூடாத நேரம்

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு உடம்பு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சுட்டால். வாந்தி பச்சையாக வந்தால், அல்லது ஒவ்வொரு தடவை குடித்த பிறகும் பீறிட்டு வந்தால். ரத்தம் போனால். குடிக்க மறுத்து, துவண்டு, அழுகையே பலவீனமாகிவிட்டால். உச்சிக்குழி புடைத்திருந்தால். சிறுநீர் நன்றாகக் குறைந்துவிட்டால். எப்போதும் இல்லாத மாதிரி ஒரு அழுகை, தூக்கினாலும் அடங்காமல் மணிக்கணக்கில் போனால். இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த அழுகைக்கு ஒரு காரியம் மட்டும் கிளம்புவதற்கு முன் செய்யுங்கள். சாக்ஸைக் கழற்றி ஒவ்வொரு கால் விரலையும் விரித்துப் பாருங்கள். பிள்ளை பெற்ற பிறகு அம்மாவுக்கு முடி கொட்டும் காலம் அது. அந்த முடியில் ஒன்று விரலைச் சுற்றி இறுக்கி, விரல் சிவந்து வீங்கியிருப்பதை இரண்டு குழந்தைகளிடம் நானே பார்த்திருக்கிறேன். இரண்டு வீட்டிலும் அம்மா அன்று காலையில் என்ன சாப்பிட்டார் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.