பழைய கணினியில் எழுத்து மங்கலாகத் தெரிகிறதா? ஸ்கிரீனைச் சரிசெய்யலாம் வாங்க

பெரியப்பா வீட்டில் புது லேப்டாப் வாங்கியதும் பழைய கணினி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 17 அங்குலச் சதுர மானிட்டர், விண்டோஸ் 10. ஆன் செய்து பார்த்தால் எழுத்தெல்லாம் கலங்கலாக இருந்தது. 'கெ'வா 'கே'வா என்று தெரியவில்லை, மெய்யெழுத்துகளின் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது. "மானிட்டருக்கு வயசாயிடுச்சு" என்றார் அம்மா. ஆனால் வயது காரணமில்லை. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று பெரியப்பா ரெசல்யூஷனை, அதாவது படத்தை எத்தனை புள்ளிகளில் காட்டுவது என்ற அளவை, குறைத்து வைத்திருந்தார்.

எதையும் தொடும் முன் கேபிளைப் பாருங்கள். பழைய மானிட்டர் என்றால் பெரும்பாலும் நீல நிறத் தலையுள்ள விஜிஏ கேபிள்தான் இருக்கும். இரண்டு பக்கத் திருகுகளையும் கையாலேயே இறுக்குங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இதில் தனித்தனிக் கம்பியில் வருகின்றன. நீலம் தொடர்பு விட்டால் ஸ்கிரீன் மஞ்சளடிக்கும், பச்சை விட்டால் ரோஸ் நிறமாகும். கழற்றிப் பார்க்கும்போது நடு வரிசையில் ஒரு பின் இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், பல கேபிள்களில் 9ஆம் பின்னை வைப்பதே இல்லை. மற்ற பின்கள் வளையாமல் இருந்தால் போதும்.

சரி, இப்போது ரெசல்யூஷன். எல்சிடி மானிட்டரில் எத்தனை புள்ளிகள் என்பது தயாரிக்கும்போதே முடிவாகிவிடும். 17, 19 அங்குலச் சதுர மானிட்டர்களில் பெரும்பாலும் 1280 × 1024. 15 அங்குலச் சதுரம் என்றால் 1024 × 768. எங்கள் கணினியில் நடந்தது இதுதான்: 1024 புள்ளி அகலமுள்ள படத்தை 1280 புள்ளிகளில் விரிக்க வேண்டும். அப்படியானால் ஒரு புள்ளி ஒன்றேகால் புள்ளி ஆக வேண்டும். கால் புள்ளி என்று ஒன்று கிடையாதே! அதனால் மானிட்டர் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து பூசிவிடுகிறது. (பின்பக்கம் புடைத்த பழைய டியூப் மானிட்டருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது.)

டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போங்கள். விண்டோஸ் 7 என்றால் அங்கே 'ஸ்கிரீன் ரெசல்யூஷன்' என்று இருக்கும். பட்டியலில் 'ரெக்கமண்டட்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும், படம் நன்றாக இருந்தால் சரி என்று சொல்லுங்கள். ஸ்கிரீன் கறுப்பாகிவிட்டால் எதையும் அழுத்தாமல் சும்மா இருங்கள், 15 நொடியில் பழையபடி வந்துவிடும். இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய் பவர் பட்டனை அழுத்திவிடுகிறார்கள்.

உங்கள் மானிட்டருக்கு உரிய அளவு பட்டியலிலேயே இல்லையா? டிரைவர் (படம் காட்டும் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இல்லை என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியைப் பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சந்தேகம் சரி. இணையத்தை இணைத்து விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால், கணினியின் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். 'டிரைவர் தருகிறோம்' என்று கூவும் மற்ற தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

இப்போது எழுத்து கூர்மையாக இருக்கும், ஆனால் பொடியாக இருக்கும். பெரியப்பாவின் பிரச்சினையே அதுதான். அதற்கு மருந்து அதே டிஸ்ப்ளே செட்டிங்ஸில், 'ஸ்கேல்' என்ற இடத்தில் இருக்கிறது. 100 சதவீதத்தை 125 ஆக்குங்கள். புள்ளிகள் அப்படியே இருக்க, எழுத்தும் பட்டன்களும் பெரிதாகும். 150 வைக்காதீர்கள். சதுர மானிட்டரில் சில ஜன்னல்களின் 'ஓகே' பட்டன் ஸ்கிரீனுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும்.

படம் ஒரு பக்கமாக நகர்ந்தோ, எழுத்து லேசாக நடுங்கியோ தெரிந்தால், மானிட்டரிலேயே உள்ள 'ஆட்டோ' பட்டனை அழுத்துங்கள். அதற்கு முன் ஏதாவது ஒரு வெள்ளைப் பக்கத்தை ஸ்கிரீன் முழுக்கத் திறந்து வையுங்கள். கறுப்பு வால்பேப்பர் இருந்தால் படத்தின் ஓரம் எங்கே என்று அதற்குத் தெரியாமல் போய், இன்னும் கோணலாக்கிவிடும்.

அப்புறம், ஸ்டார்ட் மெனுவின் தேடலில் 'கிளியர்டைப்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் எழுத்தைச் சீராக்கும் கருவி வரும். அது காட்டும் மாதிரிகளில் கண்ணுக்கு இதமானதைக் கிளிக் செய்துகொண்டே போனால் போதும்.

வெளிச்சத்தைக் கடைசியாக மாற்றுங்கள். பழைய எல்சிடிகளுக்குள் மெல்லிய டியூப் விளக்கு இருக்கும், அது சூடேறிப் பளிச்சென்று எரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அரை மணி நேரம் ஓடிய பிறகு, ஒரு வெள்ளைத் தாளை ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். தாளைவிட ஸ்கிரீன் கண்ணைக் கூசினால் குறையுங்கள். 100 வைத்தும் மங்கலாக, மஞ்சளாக இருந்தால் மட்டும் அம்மா சொன்னது சரி.