பேசில்லஸ் செரியஸின் நச்சு மரபணுக்களை உறவு நுண்ணுயிரிகளோடு ஒப்பிடுவது எப்படி?

சமைத்த சோற்றை வெகுநேரம் வெளியே வைத்திருந்தால் அதில் பெருகும் பேசில்லஸ் செரியஸ் பாக்டீரியா, வாந்தியை உண்டாக்கும் செரியுலைடு என்ற நஞ்சைச் சுரக்கக்கூடும். 121 டிகிரி செல்சியசில் 90 நிமிடம் வைத்தாலும் சிதையாத அந்த நஞ்சு, சோற்றை மறுபடி சூடாக்குவதால் போய்விடாது. ஆனால் இந்த இனத்தின் எல்லா வகைகளும் செரியுலைடைச் சுரப்பதில்லை. சுரக்கும் வகையை மரபணு வரிசையிலிருந்து இனங்காணும் வழியைத் தொடக்கநிலை மாணவர்களுக்காக இங்கே விளக்குகிறேன். இணைய இணைப்புள்ள கணினி ஒன்றே இதற்குப் போதும்.

படி 1: ஒப்பிட வேண்டியவற்றைத் தேர்ந்தெடுங்கள். வாந்தி வகைக்கு ஏஎச்187, செரியுலைடு சுரக்காத செரியஸுக்கு ஏடிசிசி 14579, நெருங்கிய உறவுக்கு ஆந்த்ராக்ஸ் நோய்க் கிருமியான பேசில்லஸ் ஆந்த்ராசிஸ், தொலைவான உறவுக்குப் பேசில்லஸ் சப்டிலிஸ் 168 ஆகிய நான்கும் போதும். தொலைவான உறவைச் சேர்க்காமல் விட்டால், எந்த ஒற்றுமை பொருளுடையது என்று அளந்து பார்க்க அளவுகோலே இருக்காது.

படி 2: மரபணு, புரத வரிசைகளைத் தொகுத்து வைத்திருக்கும் அமெரிக்காவின் என்சிபிஐ (NCBI) தரவுத்தளத்தில் ஏஎச்187-இன் செரியுலைடைக் கட்டும் நொதியான செஸ்பி (CesB), ஒரு குடல் நஞ்சின் பகுதியான என்எச்இஏ (NheA), குடல் நஞ்சு மரபணுக்களை இயக்கும் பிஎல்சிஆர் (PlcR) ஆகிய மூன்று புரத வரிசைகளைத் தேடி, ஃபாஸ்டா (FASTA) என்ற எளிய உரைக்கோப்பு வடிவில் சேமித்துக்கொள்ளுங்கள்.

படி 3: அதே தளத்தில் வரிசைகளை ஒப்பிட உதவும் பிளாஸ்ட் (BLAST) பக்கத்தில், டிஎன்ஏவைப் புரதமாக மொழிபெயர்த்து ஒப்பிடும் டிபிளாஸ்ட்என் (tblastn) முறையைத் தேர்ந்து, ஒவ்வொரு புரதத்தையும் நான்கு நுண்ணுயிரிகளின் டிஎன்ஏவோடு ஒப்பிடுங்கள். ஒரே அமினோ அமிலத்தைப் பல மூவெழுத்துக் குறிகள் குறிக்க முடியும் என்பதால், டிஎன்ஏவை டிஎன்ஏவோடு ஒப்பிடும்போது மறைந்துவிடும் தொலைதூர உறவுகூட இந்த முறையில் புலப்படும்.

படி 4: முடிவைப் படியுங்கள். தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது என்பதால் பொறுமையாகச் செய்யுங்கள். என்எச்இஏ, ஆந்த்ராசிஸ் உள்பட, செரியஸும் அதன் நெருங்கிய உறவுகளும் அடங்கிய குழுவின் ஏறக்குறைய எல்லா உறுப்பினர்களிடமும் முழு நீளத்துக்குப் பொருந்தும். ஆகவே அது இருப்பதை மட்டும் வைத்து வாந்தி வகையைப் பிரித்தறிய இயலாது. செஸ்பி, ஏடிசிசி 14579-இல் இல்லை. ஆனாலும் அதிலும் சப்டிலிஸிலும் சில பொருத்தங்கள் தோன்றும். ஈ-மதிப்பும், அதாவது இத்தகைய பொருத்தம் தற்செயலாகவே எத்தனை முறை கிடைக்கக்கூடும் என்ற எண்ணும், மிகச் சிறியதாக இருக்கும். அதை நம்பிவிடக் கூடாது. செஸ்பி பல பகுதிகள் கோத்த ஒரு பெரிய நொதி. சப்டிலிஸின் சர்ஃபாக்டின் என்ற பொருளைக் கட்டும் நொதியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், ஒருசில பகுதிகள் மட்டும் குறைந்த ஒற்றுமையுடன் பொருந்துகின்றன. ஈ-மதிப்போடு, வினவிய வரிசையில் எத்தனை விழுக்காடு பொருந்தியது, அந்த நீளத்தில் ஒற்றுமை எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே மரபணு இருப்பதாக எழுதுங்கள்.

படி 5: மரபணு இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஏஎச்187-இன் செஸ் மரபணுத் தொகுதி, குரோமோசோமில் அல்லாமல், ஏறத்தாழ 2,70,000 கார இணைகள் (டிஎன்ஏ எழுத்து இணைகள்) கொண்ட பிசிஇஆர்270 என்ற பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே உள்ள தனி டிஎன்ஏவில் உள்ளது. பேசில்லஸ் வெய்ஹென்ஸ்டெஃபானென்சிஸ் என்ற குளிர்தாங்கும் உறவின் சில வகைகளிலும் இத்தொகுதி காணப்படுவதால், இனத்தின் பெயரை மட்டும் பார்த்து ஆபத்தைக் கணிப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

படி 6: பிஎல்சிஆர் பொருத்தத்தை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். குடல் நஞ்சு மரபணுக்களை இயக்கிவிடும் புரதம் இது. ஆந்த்ராசிஸின் வரியில் நடுவே ஓரிடத்தில் ஓர் உடுக்குறி (*) தெரியும். ஒற்றை எழுத்து மாறியதால் அங்கே நிறுத்தக் குறி உருவாகி, புரதம் முழுமை பெறாமல் நின்றுவிடுகிறது. எனவே ஆந்த்ராசிஸிடம் என்எச்இஏ இருந்தும், அதை இயக்கும் புரதம் செயலற்றுக் கிடக்கிறது. சுருக்க அட்டவணையோடு நிறுத்திக்கொள்பவருக்கு இது கண்ணில் படாது.

உணவு மாதிரியில் செரியுலைடு எவ்வளவு உள்ளது என்பதை வரிசை ஒப்பீடு சொல்லாது. அதை ஐஎஸ்ஓ 18465 தரமுறையின்படி நிறை நிறமாலைமானியில் அளக்க வேண்டும்.