எல்லா ஆமைக்கும் ஏரி வீடு ஆகாது

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பக்கம் காலையில் நடக்கிறவர்கள் சருகுக்குள் ஓர் ஆமையைக் கண்டால், "பாவம், வழி தவறிவிட்டது" என்று தூக்கிப்போய் நீர்த்தேக்கத்தில் விடத் துடிப்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் அது முள் ஆமையாக இருந்தால், வீட்டில் இருந்ததைப் பிடித்து வெளியே தள்ளிய கதைதான்.

நம் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டின் சொந்த உயிர் அது. நிழல் விழும் சிற்றோடையும் அதை ஒட்டிய காட்டுத் தரையும்தான் அதன் உலகம். ஓடையில் கிடக்கும், கரையேறிப் பதுங்கும், உதிர்ந்த பழம் தேடி நடக்கும். ஆழமான திறந்த நீர் அதற்கு அந்நியம்.

குஞ்சின் ஓட்டு விளிம்பெங்கும் கூரிய முட்கள். வளர வளரத் தேய்ந்துபோகும். ஆகவே முள் இல்லை என்பதற்காக இது வேறு ஆமை என்று முடிவுகட்ட வேண்டாம். வளர்ந்தாலும் ஓடு சுமார் 22 செ.மீ., ஒரு சாண் அளவுதான். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு முட்டைகளே இடும். அந்த முட்டை பெரியது என்பதால், அது வெளியே வரும்போது தாயின் அடி ஓடே சற்று நெகிழ்ந்து கொடுக்கும். எனக்கு இதில் தீராத வியப்பு. பொரிய மூன்று மாதத்துக்கு மேலாகும். இவ்வளவு நிதானமாகப் பெருகும் இனத்தில் ஒன்று போனாலும் காடு அதை எளிதில் ஈடுகட்டாது.

அதனால் தொடாமல் பார்த்துவிட்டு நகருங்கள். அடிபட்டிருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தையோ, விலங்குகளை மீட்கும் ஏக்கர்ஸ் (ACRES) அமைப்பையோ அழையுங்கள். படம் எடுத்தால், எந்த ஓடை, எந்தப் பாதை என்று எழுதிப் போடாதீர்கள். ஆமைகளைப் பிடித்து விற்பவர்களும் அதைப் படிப்பார்கள்.

ரொட்டி போடுவதும் வேண்டாம். வனவிலங்குக்குத் தீனி போடுவது சட்டப்படியே குற்றம்.

இன்னொரு பெரிய தவறு நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் தொடங்குகிறது. உள்ளங்கையில் அடங்குகிறதே என்று வாங்கும் சிவப்புக்காது ஆமை 30 செ.மீ. வரை வளரும், 20, 30 ஆண்டுகள்கூட வாழும். தொட்டி போதாமல் போகும்போது, "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்ற பாட்டியின் பேச்சும் நினைவுக்கு வரும். உடனே பக்கத்துக் குளம். பௌத்தர்களின் விசாக தினத்தில் புண்ணியம் தேடி விடுபவர்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த அந்த ஆமை, இங்குள்ள ஆமைகளின் இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டியிடும், நோயும் பரப்பலாம். பிழைக்கத் தெரியாமல் அதுவே செத்துப்போவதும் நடக்கும். 2020இல் கடுமையாக்கப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி விலங்கை விட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

வளர்க்க முடியாவிட்டால், அதை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு வீட்டைத் தேடுங்கள். கிடைக்கும்வரை தொட்டியின் தண்ணீரைத் தவறாமல் மாற்றுங்கள், ஏறி வெயில் காய ஒரு கல்லும் போட்டு வையுங்கள்.