ரூட் கடத்தப்படும்போது நெட்வொர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

2008 பிப்ரவரி 24 அன்று உலகின் பல பகுதிகளில் யூடியூப் திறக்கவில்லை. யூடியூபின் சர்வர்களில் எந்தப் பழுதும் இல்லை. தன் நாட்டுக்குள் அந்தத் தளத்தை முடக்கப் பாகிஸ்தான் டெலிகாம் போட்ட 208.65.153.0/24 என்ற ரூட் (இந்த முகவரிகளுக்கான டிராஃபிக்கை எங்கே அனுப்புவது என்ற அறிவிப்பு), அதற்கு இணைப்புக் கொடுத்த பிசிசிடபிள்யூ வழியாக வெளியே பரவிவிட்டது. யூடியூப் அறிவித்திருந்ததோ அதை உள்ளடக்கிய பெரிய தொகுதியான /22 (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் பெரிதானால் முகவரித் தொகுதி சிறிது). நெட்வொர்க்குகள் ரூட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் பிஜிபி முறையில் சிறிய தொகுதிக்கே முன்னுரிமை. டிராஃபிக் பாகிஸ்தானுக்குத் திரும்பிவிட்டது. இதுதான் ரூட் கடத்தல்.

இப்படி நடக்கும்போது உங்கள் ரவுட்டரில் ஒரு மாற்றமும் தெரியாது. அண்டை ரவுட்டர்களுடனான செஷன்கள் எல்லாம் ‘அப்’ என்றே இருக்கும். டிராஃபிக் மட்டும் சரியும். அதனால் சொந்த ரவுட்டரை மட்டும் நம்பியிருப்பதுதான் முதல் தவறு, என் பார்வையில் மிகப் பெரிய தவறும் அதுவே. ரைப் ரிஸ், ரவுட்வியூஸ் போன்றவை வெளியிலிருந்து ரூட்டுகளைச் சேகரிக்கின்றன. பிஜிபிஅலர்ட்டர் என்ற இலவசக் கருவியை நிறுவினால், உங்கள் தொகுதியை வேறு யாராவது அறிவித்ததும் எச்சரிக்கும். உங்கள் /22-க்குள் அடங்கும் /24-களையும் அது கவனிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. உடனே அதே /24-ஐ நாமும் அறிவித்தால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. யூடியூப் சுமார் 80 நிமிடம் கழித்து அதைத்தான் செய்தது. இரண்டும் ஒரே அளவு என்பதால் யாருக்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்வார்கள். பாதி டிராஃபிக் திரும்பினாலே பெரிது. பிறகு /25-களை அறிவித்தார்கள். ஆனால் /24-ஐவிடச் சிறியதைப் பல நெட்வொர்க்குகள் ஏற்பதே இல்லை. கடைசியில் பிசிசிடபிள்யூ அந்த ரூட்டை நிறுத்தியபோது, தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடத்தும் நெட்வொர்க்குக்கு இணைப்புக் கொடுக்கும் அப்ஸ்ட்ரீமைப் பிடிப்பதுதான் உண்மையான தீர்வு.

ஒரு தொகுதியை எந்த நெட்வொர்க் அறிவிக்கலாம் என்று சொல்லும் ஆர்ஓஏ பதிவில் இன்னொரு சிக்கல். /22-ஐ மட்டும் அறிவிப்பவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று அதிகபட்ச நீளத்தை (அறிவிக்கக்கூடிய மிகச் சிறிய தொகுதியின் எண்) 24 எனப் போட்டுவிடுகிறார்கள். அப்போது ஒருவர் உங்கள் நெட்வொர்க்கின் அடையாளமான ஏஎஸ் எண்ணைப் போலியாகப் பாதையின் கடைசியில் ஒட்டி ஒரு /24-ஐ அறிவித்தால், ஆர்ஓஏ-க்களை வைத்துச் சரிபார்க்கும் ஆர்பிகேஐ சோதனை அதைச் செல்லும் என்றே சொல்லும். அந்தச் சோதனை ரூட் எங்கே தொடங்கியது, அதன் நீளம் வரம்புக்குள் இருக்கிறதா என்பதை மட்டும்தான் பார்க்கிறது. நீளத்தை 22-லேயே நிறுத்துங்கள். ஆனால் அவசரத்தில் நீங்களே /24 அறிவிக்க நேர்ந்தால், அதற்கு முன்பே அதற்கான ஆர்ஓஏ-வைப் போடாவிட்டால் உங்கள் சொந்த ரூட்டே நிராகரிக்கப்படும். புதிய ஆர்ஓஏ எல்லா இடத்துக்கும் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதை யார் போடுவது என்பதை இன்றே முடிவு செய்து வையுங்கள்.

அப்புறம், அப்ஸ்ட்ரீம்களின் தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். உங்கள் மெயில் சர்வர் கடத்தப்பட்ட தொகுதிக்குள்ளேயே இருந்தால், உதவி கேட்டு நீங்கள் அனுப்பும் மெயிலுக்குப் பதில் வந்து சேராது.