ஒரு ஜோடி ஸ்கீ கடைக்குள் வந்து திரும்பிப் போகும் வரை: கிராஸ் கன்ட்ரி ஸ்கீக்கு மெழுகு போடப் பழகுவது

கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில் மேலே ஏற்றிவிட லிஃப்ட் கிடையாது. மேடோ சமதளமோ, சொந்தக் காலால் தள்ளித்தான் போக வேண்டும். பனியில் வழுக்கக் காலில் மாட்டும் நீளப் பலகைதான் ஸ்கீ. அதன் அடிப்பாகம் சரியில்லை என்றால் அந்தக் கஷ்டம் முழுவதும் ஓட்டுகிறவரின் தொடைக்கும் தோளுக்கும் போய்ச் சேரும். அந்த அடிப்பாகத்தைத் தயார்செய்து கொடுப்பதுதான் சின்ன ஸ்கீ கடைகளின் அன்றாடப் பிழைப்பு. அப்படி ஒரு கடையில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவருக்கும், ஒரு மேசையைப் போட்டு ஆரம்பிக்க நினைக்கிறவருக்கும் இந்தக் குறிப்பு.

வருகிறவர்கள் எல்லாம் எந்த மெழுகு நல்லது என்றுதான் கேட்பார்கள். மெழுகு முக்கியம்தான். ஆனால் நல்ல ஸ்கீக்கும் சுமார் ஸ்கீக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் துடைப்பதிலும், ஆறவிடுவதிலும், சுரண்டுவதிலும்தான் வருகிறது. சாதாரண மெழுகை ஒழுங்காகப் போட்டால் ஓடும். விலை உயர்ந்த மெழுகை அவசரத்தில் போட்டால் ஓடாது.

மேசையில் என்ன இருக்க வேண்டும்

ஸ்கீயைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளும் ஸ்டாண்ட், வெப்பநிலையைத் துல்லியமாக வைக்கக்கூடிய மெழுகு அயர்ன், பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், அடிப்பாகத்தின் நடுவே நீளமாக ஓடும் நடுப்பள்ளத்தைச் சுரண்ட முனை உருண்டையான குச்சி, மெல்லிய உலோக இழை பிரஷ் ஒன்று, நைலான் பிரஷ் ஒன்று, கார்க் கட்டை, நூல் பிரியாத துடைப்புத் தாள், மாஸ்க்கிங் டேப். துணி தேய்க்கும் அயர்ன் பாக்ஸை இதற்கு எடுக்காதீர்கள். அதன் சூடு ஏறி இறங்கும். அடியில் இருக்கும் நீராவி ஓட்டைகளில் மெழுகு போய் அடைத்துக்கொள்ளும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது புகையை வெளியே இழுக்கும் ஃபேன் போடுங்கள். நாள் முழுக்க இதே வேலை என்றால், கரிம வாயுக்களையும் தூசியையும் வடிகட்டும் முகக்கவசம் கண்டிப்பாக வேண்டும். பஞ்சு மாஸ்க் போதாது.

படி 1: முதலில் கேள்வி, அப்புறம்தான் வேலை

ஸ்கீயை வாங்கி வைத்ததும் மூன்று விஷயம் கேளுங்கள். "எப்போ ஓட்டப் போறீங்க? எந்தப் பக்கம்? கிளாசிக்கா, ஸ்கேட்டிங்கா?" கிளாசிக் என்பது இரண்டு ஸ்கீயையும் நேராக வைத்து நடப்பதுபோல ஓட்டுவது, ஸ்கேட்டிங் என்பது பக்கவாட்டில் உதைத்து ஓட்டுவது. ஸ்கேட்டிங் ஸ்கீ என்றால் நுனி முதல் வால் வரை கிளைடு வாக்ஸ், அதாவது வழுக்கி ஓட வைக்கும் மெழுகு மட்டும் போதும். கிளாசிக் என்றால் நுனிக்கும் வாலுக்கும் கிளைடு வாக்ஸ், பாதத்துக்குக் கீழே இருக்கும் நடுப்பகுதிக்குக் கிக் வாக்ஸ், அதாவது பிடிப்புத் தரும் மெழுகு. அந்த நடுப்பகுதிதான் பனியைப் பிடித்து முன்னால் தள்ள உதவுகிறது. நடுவில் மொஹேர் (ஆட்டு ரோம) பட்டை ஒட்டிய ஸ்கீயும் இப்போது நிறைய வருகிறது. அதற்குக் கிக் வாக்ஸ் வேண்டாம். ஆனால் பட்டையின் மேல் ஒரு சொட்டு மெழுகும் விழக் கூடாது. டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் அயர்னைக் கையில் எடுக்க வேண்டும்.

பதில்களை ஒரு சீட்டில் எழுதி ஸ்கீயிலேயே கட்டிவிடுங்கள். போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் சுவரோரம் ஒரே மாதிரி ஸ்கீகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். அப்போது நினைவை நம்பினால் ஒருவருடைய இடது ஸ்கீ இன்னொருவர் பைக்குள் போய்விடும்.

வெளிக்குளிரிலிருந்து வந்த ஸ்கீயை உடனே தேய்க்காதீர்கள். அறைச் சூட்டில் அதன் மேல் ஈரம் படியும். அது காய்ந்து, ஸ்கீ அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகு ஆரம்பியுங்கள். அதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம்.

படி 2: பழைய அழுக்கை வெளியேற்றுவது

கிளாசிக் ஸ்கீயில் நடுப்பகுதியிலிருந்து தொடங்குங்கள். பழைய கிக் வாக்ஸை ஸ்கிரேப்பரால் வழித்து எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கரைப்பான் நனைத்த தாளால் துடையுங்கள். கரைப்பான் தீப்பற்றும். சூடான அயர்ன் பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

கிளைடு பகுதிக்குச் சூட்டுச் சுத்தம்தான் சரி. மென்மையான மெழுகை உருக்கித் தடவி, அது ஆறுவதற்கு முன், இன்னும் இளகியிருக்கும்போதே சுரண்டி எடுங்கள். ஸ்கிரேப்பர் நுனியில் சேரும் மெழுகு சாம்பல் நிறமாக, சில சமயம் கறுப்பாகவே வரும். தடங்களில் கிடக்கும் மரத்துகள், எண்ணெய், தூசி எல்லாம் அதில்தான் இருக்கிறது. சுரண்டின மெழுகு வெள்ளையாக வரும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு தடவை போதுமா மூன்று வேண்டுமா என்பதை அந்த நிறமே சொல்லிவிடும். அப்புறம் உலோக பிரஷால் நுனியிலிருந்து வாலுக்கு நாலைந்து இழுப்பு. எதிர்த்திசையில் மட்டும் போகாதீர்கள்.

படி 3: கிளைடு வாக்ஸ்

நாளைய பனியின் வெப்பநிலையைப் பார்த்து மெழுகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றின் வெப்பநிலையும் பனியின் வெப்பநிலையும் ஒன்றல்ல. காற்று 5 டிகிரி காட்டினாலும் பனி 0 டிகிரியைத் தாண்டாது. குளிர் கூடக் கூடப் பனித்துகளின் முனை கூராகவும் கடினமாகவும் இருக்கும். மெழுகு மென்மையாக இருந்தால் அந்த முனை மெழுகுக்குள் குத்திக்கொள்ளும், ஸ்கீ இழுக்கும். அதனால் கடுங்குளிருக்குக் கடின மெழுகு, ஈரப்பனிக்கு மென்மையான மெழுகு. புதிதாகப் பெய்த பனி என்றால், இரண்டுக்கும் நடுவே தடுமாறும்போது கடினமான பக்கம் சாயுங்கள்.

அயர்னின் சூட்டை மெழுகின் உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே வையுங்கள். பெரும்பாலான மெழுகுகள் 120 முதல் 150 டிகிரி செல்சியசுக்குள் வரும். புகை எழுந்தால் சூடு அதிகம், உடனே குறையுங்கள்.

மெழுகுக் கட்டியை அயர்னில் அழுத்திச் சொட்டுச் சொட்டாக ஸ்கீயின் நீளத்துக்கு விடுங்கள். அப்புறம் அயர்னை வைத்து நுனியிலிருந்து வாலுக்கு நிற்காமல் இழுங்கள். கை ஓடும் வேகம் சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அயர்னுக்குப் பின்னால் அரைச் சாண் நீளத்துக்கு மெழுகு ஈரமாக மினுங்கி, அதற்கப்பால் மங்கிப்போக வேண்டும். மினுக்கம் ஒரு முழத்துக்கு நீண்டால் நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள், அடிப்பாகம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. மினுக்கமே இல்லை என்றால் மெழுகு மேலோடு படிந்து நிற்கிறது. ஸ்கீயின் அடிப்பாகம் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அளவான சூட்டில் அது கொஞ்சம் மெழுகை உள்வாங்கிக்கொள்ளும், அளவு மீறினால் பொசுங்கி மேலே ஒரு படலம் கட்டும். அந்தப் படலம் வந்த இடம் பிறகு மெழுகை ஏற்காது. அதனால்தான், தொலைபேசி அடித்தாலும் சரி, வாடிக்கையாளர் கூப்பிட்டாலும் சரி, முதலில் அயர்னை ஸ்கீயிலிருந்து தூக்கிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

மூன்று நான்கு இழுப்பில் முடித்துக்கொள்ளுங்கள். மெழுகு போதவில்லை, அடி காய்ந்து தெரிகிறது என்றால் இன்னும் சொட்டு விடுங்கள். காய்ந்த அடியில் வெறும் அயர்ன் படக் கூடாது.

படி 4: ஆறட்டும்

அறைச் சூட்டிலேயே அரை மணி நேரமாவது விடுங்கள். வாசலில் குளிரில் வைத்துச் சீக்கிரம் ஆற வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். நாளில் நிறைய நேரம் இங்கேதான் போகிறது. ஒரு சின்னக் கடை ஓடுவதும் இந்த நேரத்தை வைத்துத்தான்: ஒரு ஜோடி ஆறும்போது இன்னொரு ஜோடியைச் சுத்தம் செய்வீர்கள், மூன்றாவதற்குச் சீட்டு எழுதுவீர்கள். ஒரு ஜோடியை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று நின்றால் ராத்திரி வீடு போய்ச் சேர முடியாது.

கடுங்குளிர் மெழுகு மட்டும் விதிவிலக்கு. அது முழுதும் இறுகிவிட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பள்ளத்திலும் ஓரங்களிலும் இருப்பதை, வெதுவெதுப்பு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

படி 5: சுரண்டுவது

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட மெழுகை ஏன் எடுக்க வேண்டும் என்று புதியவர்கள் எல்லாரும் கேட்பார்கள். வேலை செய்வது அடிப்பாகம் உள்வாங்கிய மெழுகு. மேலே தடித்து நிற்பது பனியில் இழுவையைத்தான் தரும்.

முதலில் நடுப்பள்ளம், அடுத்து பக்கவாட்டு ஓரங்கள், கடைசியில் அடிப்பரப்பு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பள்ளத்தைச் சுரண்டும் குச்சி கை தவறி வெளியே வழுக்கினாலும், அடியில் கீறல் விழாமல் மேலே இருக்கும் மெழுகு காக்கும். ஸ்கிரேப்பரை இரண்டு கையாலும் பிடித்து, லேசாகச் சாய்த்து, நுனியிலிருந்து வாலுக்குத் தள்ளுங்கள். நன்றாகத் தீட்டிய ஸ்கிரேப்பரில் மெழுகு தேங்காய்த் துருவல் போல உதிரும். மழுங்கிய ஸ்கிரேப்பரோ தூளாக்கித் தேய்க்கும், கைதான் வலிக்கும். அடிக்கடி தீட்டுங்கள்.

அப்புறம் உலோக பிரஷ், கடைசியாக நைலான் பிரஷ், தாளால் ஒரு துடைப்பு. விரல் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். நகத்தில் மெழுகு ஒட்டினால் வேலை முடியவில்லை.

படி 6: கிக் வாக்ஸ், கிளாசிக் ஸ்கீக்கு மட்டும்

எந்த இடம் வரை போடுவது என்பதை ஒரு தாள் சொல்லும். சமதளத் தரையில் இரண்டு ஸ்கீயையும் வைத்து, வாடிக்கையாளரை அதன் மேல் நிற்கச் சொல்லுங்கள். பாதத்துக்குக் கீழே தாளை நுழைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கும்போது தாள் எங்கே சிக்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவேதான் கிக் வாக்ஸ். ஒரே காலில் முழு எடையையும் போட்டால் தாள் அசையவே கூடாது. அப்போதும் தாள் தாராளமாக நகர்ந்தால் அந்த ஸ்கீ அவருக்கு விறைப்பு அதிகம். எந்த மெழுகு போட்டாலும் பிடிக்காது. அதை மென்மையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பகுதியை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அடி மெழுகை மெல்லிய படலமாக அயர்னால் பரப்பி ஆறவிடுங்கள். அதன் மேல் அன்றைய மெழுகு, மெல்லிய அடுக்குகளாக. ஒவ்வொரு அடுக்கையும் கார்க்கால் தேய்த்து மழமழப்பாக்குங்கள். நான்கு மெல்லிய அடுக்கு நன்றாகப் பிடிக்கும். ஒரே தடிமனாக அப்பினால் பனி ஒட்டிக்கொள்ளும்.

நிறம் பார்த்து எடுப்பது பழைய வழக்கம். ஸ்வீடனில் 1946-இல் ஸ்விக்ஸ் என்ற மெழுகு நிறுவனம் தொடங்கியபோதே பச்சை, நீலம், சிவப்பு என்று நிறம் வைத்துப் பிரித்தார்கள். இன்றும் பச்சை கடுங்குளிருக்கு, நீலம் மிதமான குளிருக்கு, ஊதா 0 டிகிரியை ஒட்டி, சிவப்பு ஈரப்பனிக்கு. உருகி மறுபடி உறைந்து கரடுமுரடான பழைய பனிக்கு டப்பாவில் வரும் இந்தக் கிக் வாக்ஸ் நிற்காது, கிளிஸ்டர் வேண்டும். டியூபில் வரும் பிசின் போன்ற பொருள் அது. கையில், கதவுப் பிடியில், முடியில் என்று எங்கும் ஒட்டும். டியூபை லேசாகச் சூடாக்கி, சின்னச் சின்னக் கோடுகளாக இழுத்து, கட்டைவிரலால் பரப்புங்கள். விரலைக் கழுவக் கரைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதி: கடின மெழுகின் மேல் மென்மையானதைப் போடலாம். மென்மையானதன் மேல் கடினமானதைப் போட்டால் ஒழுங்காகப் படியாது. பனியில் போய் வழுக்கினால் முதலில் இன்னும் இரண்டு அடுக்கு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம்தான் மென்மையான மெழுகு.

ஃபுளோரின் மெழுகு கொண்டுவந்தால்

வேண்டாம் என்று சொல்லுங்கள். ஈரப்பனியில் அது வேகமாக ஓடியது உண்மைதான். ஆனால் அந்த வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் உடலிலும் எளிதில் சிதையாமல் தங்கிவிடுகின்றன. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அதை முழுதாகத் தடைசெய்துவிட்டது. ஸ்கீயின் அடிப்பாகத்தைக் கருவியால் சோதிக்கிறார்கள். 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவின் சோல்டனில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில், சோதனையில் சிக்கிய ஒரு வீராங்கனை தகுதி இழந்தார். கடைக்காரருக்கு இதில் இன்னொரு தலைவலி: பழைய பிரஷிலும் கார்க்கிலும் இருக்கும் மிச்சமே அடுத்தவரின் ஸ்கீக்குத் தொற்றலாம். அவற்றை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவதே நிம்மதி.

படி 7: கொடுத்து அனுப்புவது

கிக் வாக்ஸ் போட்ட ஸ்கீ என்றால் இரண்டுக்கும் நடுவே தாள் வைத்து, நுனியிலும் வாலிலும் பட்டை கட்டுங்கள். என்ன மெழுகு போட்டீர்கள், எந்த வெப்பநிலைக்கு என்பதைச் சீட்டில் எழுதுங்கள். நாளைக்கு வானிலை மாறினால் அவர் திட்டுவது உங்களைத்தான்; சீட்டில் எண் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். "கார்ல இருந்து எடுத்ததும் ஓட்டாதீங்க, பத்து நிமிஷம் வெளிய வெச்சு குளிர விடுங்க" என்று சொல்ல மறக்காதீர்கள். சூடான ஸ்கீ பனியில் பட்டால் மெழுகில் ஈரம் ஏறி அங்கேயே உறைந்துவிடும்.

பருவ முடிவில் வருகிறவர்களுக்கு வேலை சுலபம். சூட்டுச் சுத்தம் செய்து, மென்மையான மெழுகைத் தாராளமாகப் பூசி, சுரண்டாமல் அப்படியே கொடுத்துவிடுங்கள். அடுத்த குளிர்காலம் வரை அடிப்பாகம் காயாமல் இருக்கும். சுரண்டுவதற்கான கூலியை அப்போது வாங்கிக்கொள்ளலாம்.