பாலிமர் பிஸ்டலை விற்கும் முன்

போன வாரம் கோபியிலிருந்து ஒரு பையன் அப்பாவோடு வந்தான். கையில் பாலிமர், அதாவது உறுதியான பிளாஸ்டிக், உடல் கொண்ட வைராக் எச்.டபிள்யூ. 40 ஏர் பிஸ்டல்; காற்றழுத்தத்தில் குண்டு சுடும் போட்டித் துப்பாக்கி. "ஏனுங்க, இது பூரா பிளாஸ்டிக்குங்களே, வித்துப்போட்டு நல்லதா ஒண்ணு வாங்கிரலாமுங்களா?" என்றார் அப்பா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன்.

பிளாஸ்டிக் என்றால் மட்டம் என நினைப்பது

ஆஸ்திரிய ராணுவம் 1982இல் ஏற்றுக்கொண்ட கிளாக் 17 பிஸ்டலின் உடற்கூடே பாலிமர்தான்.

பெயருக்காகப் பழையதை வாங்குவது

மஞ்சள் விற்ற காசு மொத்தத்தையும் இதில்தான் விட்டேன். இருந்த பாலிமர் பிஸ்டலை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கோவையில் ஒருவரிடம் பேர்போன ஐரோப்பியப் பிஸ்டலை வாங்கினேன். டிரிக்கர் அருமை. ஆனால் கைப்பிடி பெரிய கைக்குச் செய்தது. என் விரல் நுனி மட்டுமே டிரிக்கரைத் தொட்டது. டேப் சுற்றினேன், மரப்பொடியைப் பசையில் குழைத்து அப்பினேன். குண்டெல்லாம் இடப்பக்கமே போனது. இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், அதில் சமாளிப்புக்கு இடமில்லை.

அதைவிட மோசம் சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் காற்றைத் தாங்கும் அந்தக் குழாய்க்கு ஆயுள் 10 வருஷம், தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். நான் பார்க்கவேயில்லை. போட்டிக்குப் போன இடத்தில்தான் காலாவதி என்று தெரிந்தது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. புதுக் கைப்பிடி, புதுச் சிலிண்டர் என்று மறுபடியும் செலவு.

விலை கூடினால் உண்மையாகவே கிடைப்பவை உண்டு. கைக்கேற்ப அரம் போட்டுச் செதுக்கக்கூடிய மரக் கைப்பிடி, நுணுக்கமாகத் திருத்தக்கூடிய டிரிக்கர். அந்தப் பையனுடைய பிஸ்டலில் காற்றை அடைக்க ஒவ்வொரு குண்டுக்கும் மேல்பகுதியைத் தூக்கி அழுத்தி மூட வேண்டும். போட்டியில் 75 நிமிஷத்தில் 60 குண்டு சுடுகையில் கை சோர்ந்துவிடும். ஆனால் அந்தக் கட்டத்துக்கு அவன் இன்னும் வரவில்லை.

டிரிக்கரை வீட்டில் பிரிப்பது

கூடவே கூடாது. டிரிக்கரை இழுக்கத் தேவையான எடை 500 கிராமுக்குக் குறைந்தால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள்.

பெல்லட்டில் (ஏர் பிஸ்டல் குண்டில்) மிச்சம் பிடிப்பது

வேண்டாம்.

பையனின் கையைத் தாளில் வைத்து வரைந்து அப்பாவிடம் கொடுத்தேன். "ஒரு வருஷம் இதுலயே சுடட்டுமுங்க. அப்புறம் எந்தப் பிஸ்டல் பார்க்கப் போனாலும் இந்தத் தாளை எடுத்துட்டுப் போங்க."