லூயி ஃபிலிப் காலத்து 5 பிராங்க்: அசலா போலியா என்று பார்ப்பது எப்படி?

பழைய பிரெஞ்சு வெள்ளிக்காசில் ஒன்று வாங்க ஆசைப்படுபவர்களுக்கு, லூயி ஃபிலிப் மன்னரின் (1830–1848) 5 பிராங்க் நல்ல தொடக்கம். ஏராளமாக அடிக்கப்பட்ட காசு, இன்றும் கிடைக்கிறது. போலிகளும் உண்டு. 0.01 கிராம் வரை காட்டும் தராசு, பூதக்கண்ணாடி, நூல், ஒரு தம்ளர் தண்ணீர் போதும்.

1. எடை: 25 கிராம் இருக்க வேண்டும். கைபட்டுத் தேய்ந்திருந்தால் சற்றுக் குறையலாம். குறுக்களவு சுமார் 37 மில்லிமீட்டர்.

2. தண்ணீர்ச் சோதனை: எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். தண்ணீர்த் தம்ளரைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிட்டுப் பிடியுங்கள். தராசு சுமார் 2.42 காட்டினால் சரி. 25-ஐ அதனால் வகுத்தால் 10.3 வரும், 90 சதவீத வெள்ளியும் 10 சதவீதச் செம்பும் கலந்த உலோகத்தின் அடர்த்தி அது. பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தால் 2.9-ஐ ஒட்டி வரும். காந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள், பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

3. முகம்: பெரும்பாலான காசுகளில் ஓக் இலை மாலை சூடிய தலை, வலப்பக்கம் பார்க்கும். கழுத்துக்குக் கீழே செதுக்கியவர் தொமார் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். சுற்றெழுத்து ‘பிரெஞ்சு மக்களின் அரசர்’ என்கிறது. இவருக்கு முன் ஆண்ட பத்தாம் சார்லஸின் காசில் ‘பிரான்சின் அரசர்’ என்றிருக்கும். இடையில் வந்தது 1830 ஜூலைப் புரட்சி.

4. புரட்டிப் பாருங்கள்: நம் ரூபாயைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்புறம் நேராக நிற்கும். இதை மேலிருந்து கீழாகப் புரட்டினால்தான் மதிப்பும் ஆண்டும் நேராகத் தெரியும்.

5. விளிம்பு: பலர் பார்க்காமல் விடும் இடம். 1832 முதல் வந்த காசுகளில் ‘கடவுள் பிரான்சைக் காப்பாராக’ என்ற பிரெஞ்சு வாசகம் விரலில் நெருடும்படி புடைத்திருக்கும். எழுத்து மழுங்கியோ, விளிம்பைச் சுற்றி அரம் போட்ட கோடு ஓடியோ இருந்தால் வாங்காதீர்கள். இரண்டு பாதிகளை ஒட்டியதாகவோ வார்த்ததாகவோ இருக்கலாம்.

6. ஊர் எழுத்து: பின்புறம் அடியில் ‘ஏ’ என்றால் பாரிஸ், ‘பி’ ரூவான், ‘கே’ போர்தோ, ‘டபிள்யூ’ லீல், இரட்டை ‘பி’ ஸ்ட்ராஸ்பூர். ஒரே ஆண்டுக் காசில் ஓர் ஊரில் அடித்தது மலிவு, இன்னோர் ஊரில் அடித்தது அரிது. விலை பேசுமுன் இதைப் பாருங்கள்.

வாங்கிய பிறகு விபூதியோ பற்பொடியோ போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்போடு மதிப்பும் போய்விடும்.